நூற்றுப் பன்னிரண்டாவது பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற வீட்டில் சொல்லியே ஆக வேண்டிய பொய்கள் சில உண்டு. "மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான்" என்று ஆரம்பிக்க வேண்டும். "நீங்க வந்துதான் எல்லாத்தையும் எடுத்துக் கட்டி நடத்தணும்" என்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாப்பிடச் சொன்னால், வயிறு ஒட்டிக் கிடந்தாலும், "இப்பத்தான் சாப்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட வேண்டும். இவற்றைக் கேட்கிறவர்கள் யாரும் நம்புவதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் மட்டும் ஏழு தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் விசாரித்துப் பாருங்கள், எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

தேவகி இந்தப் பொய்களில் கைதேர்ந்தவள். ஒரே தெருவில் அடுத்தடுத்த ஆறு வீடுகளுக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு, ஆறு வீட்டாரையும் குளிர வைத்துவிட்டு வரக்கூடியவள். அப்படிப்பட்டவளுக்குத்தான் வழுதரெட்டியில் வெள்ளையம்மாள் சித்தி வீட்டுக் கூடத்தில் அந்தச் சோதனை வந்தது.

தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், மேலே மகள் கலைப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகை. தேவகி தட்டைச் சித்தி கையில் கொடுத்து, "சித்தி, சாமிக்கு வச்சிட்டு நேரா இங்கதான் வர்றோம். மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான்" என்றாள். சித்தியின் முகம் மலர்ந்தது.

பக்கத்தில் நின்ற தேவகியின் கணவர் சுப்புராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினேழாவது" என்றார்.

"இன்னா மாப்ள?"

"உங்களுது பதினேழாவது பத்திரிகை, அத்தை. பதினாறு நம்ம சீனுவாசனுக்கு. நோட்ல எழுதி வச்சிருக்கேன், பாக்கிறீங்களா?"

சீனுவாசனுக்கும் சித்திக்கும் வேலித் தகராறில் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருடம் ஆகிறது. மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது. தட்டை வாங்கிய வேகத்தில் டீப்பாய் மேல் வைத்துவிட்டு, "காப்பி சாப்புடுவீங்களா, இல்ல பதினாறாவது வூட்லயே சாப்ட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள் சித்தி.

"அங்க டீதான் குடுத்தாங்க" என்றார் சுப்புராயன்.

தேவகிக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

இத்தனைக்கும் சுப்புராயன் பிறவியிலேயே இப்படிப்பட்டவர் இல்லை. முப்பத்தொரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்தவர். "அந்த ஃபைலு மேல போயிருக்குது" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை நிம்மதியாக ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் யோகா செய்யச் சொன்னார். காலனிப் பூங்காவில் விடியற்காலை ஐந்தரைக்கு லூர்துமேரி டீச்சர் நடத்தும் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவள் தேவகியேதான். அதை நினைத்து அவள் இப்போது தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

லூர்துமேரி டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிலுவையும் விசிலும் ஒரே கயிற்றில் தொங்கும். வார நாட்களில் ஆசனம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தத்துவம். யோகத்துக்கு எட்டு அங்கம், அதில் முதல் அங்கம் இயமம், இயமம் என்பது ஐந்து ஒழுக்கம், வாரத்துக்கு ஒன்று என்று பாடம் நடந்தது. ஆசனத்தில் சுப்புராயன் தேறவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைத் தொடச் சொன்னால் முழங்கால் வரைக்கும் போய் அங்கேயே ஓய்வெடுத்துக்கொள்வார். சத்தியம் என்கிற பாடம் வந்தபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. குனிய வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம், வாயைத் திறந்தால் போதும்.

"மனசுல இருக்கிறது, வாயில வர்றது, கையில செய்யறது மூணும் ஒண்ணா இருக்கணும். நாப்பத்தெட்டு நாள் பண்ணிப் பாருங்க" என்றார் டீச்சர்.

சுப்புராயன் மரம்போல ஒற்றைக் காலில் நின்றபடி சபதம் எடுத்தார். பாதியில் சாய்ந்து பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அதையும் வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தோசை எப்படி என்று கேட்டால், "ஓரம் வேகல" என்பார். புதுப் புடவை எப்படி என்றால், "கடையில நல்லா இருந்திச்சி" என்பார். "அப்பா, மாப்ளய உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கலைப்பிரியா ஆசையாகக் கேட்டதற்கு, "ரொம்பத் தங்கமான பையன். காதுதான் கொஞ்சம் பெருசு" என்றார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மாப்பிள்ளைக்கு போன் செய்து சொல்லி, இரண்டு பேரும் அரை மணி நேரம் சிரித்தார்கள். ஆனால் மாப்பிள்ளை அதற்குப் பிறகு முடியைக் கொஞ்சம் நீளமாக வளர்க்க ஆரம்பித்ததைத் தேவகி கவனிக்காமல் இல்லை.

வீட்டோடு நின்றிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். பத்திரிகை வைக்கும் வேலை இருந்ததே. சாமிகளுக்கும் முதல் பத்து வீடுகளுக்கும் சபதத்துக்கு முன்பே வைத்தாகிவிட்டது. அவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"குடும்பத்தோட வந்துரணும்" என்று தேவகி சொல்லி வாய் மூடுவதற்குள், "எத்தினி பேரு வருவீங்க?" என்று நோட்டைப் பிரிப்பார். "பந்திக்கு நூத்தம்பது எலைதான். நீங்க மூணு பேரு வந்தா கரெக்டா இருக்கும்." சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். "இப்பத்தான் சாப்ட்டோம்" என்று அவள் சொன்னால், "காலையில ரெண்டு இட்லி, அதுக்கப்புறம் பச்சத் தண்ணி பல்லுல படல" என்பார். உடனே இலை போட்டுவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஐந்தாவது வீட்டில், "நாலு வூட்ல சாப்ட்டாச்சிம்மா, எடமில்ல" என்று உண்மையைச் சொன்னார். அந்த வீட்டு அம்மாள், "அவங்க வூட்லயெல்லாம் கை நனைப்பீங்க, எங்க வூடுன்னா எளக்காரமா?" என்று அழுதே விட்டாள். ஐந்தாவது இலையிலும் உட்கார்ந்தார்கள்.

அதைவிடப் பெரிய வினை, நம்பர். யாருக்கு எத்தனையாவது பத்திரிகை என்று மனுஷன் ஒருவர் விடாமல் சொல்லிவைத்ததில், சொந்தக்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் நம்பரை ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "என் நாத்தனாருக்கு இருபத்தொண்ணாம், எனக்கு நாப்பதாமே? எந்த வகையில நான் கொறஞ்சி போயிட்டேன்?" என்று காலை காப்பிக்கு முன்பே போன் வரும். பால்காரர் பூமாலைக்கு முப்பத்தெட்டு என்று தெரிந்ததும் முப்பத்தொன்பதில் இருந்து எழுபது வரைக்கும் உள்ளவர்கள் மொத்தமாக முறுக்கிக்கொண்டார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தேவகி, ஒரு நாள் விடியற்காலை நேராகப் பூங்காவுக்கே போய்விட்டாள். எல்லோரும் சவாசனத்தில் பிணம்போலப் படுத்திருந்தார்கள். சுப்புராயன் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் பேசுவதற்கு வசதியாகப் போயிற்று.

"டீச்சர், எங்க வூட்டுக்காரருக்கு வேற எதுனா ஆசனமா பாத்துக் குடுங்க. தலைகீழா நிக்க வச்சாலும் சரி. இந்த சத்தியம் மட்டும் வேணாம். போற வூட்லயெல்லாம் பேஜாரு பண்ணிகினு இருக்காரு" என்றாள். கூடவே சித்தி கதை, இலைக் கதை எல்லாம் சொன்னாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "நான் அப்டி சொல்லித் தரலியேம்மா" என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. "ஆங். அதானே பாத்தேன். உங்க வூட்டுக்காரரு மொத ஞாயித்துக்கெழம வரல."

"அன்னிக்கி மயிலத்துல முருகனுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். அதுக்கு இன்னா இப்போ?"

"மொத வாரம் அகிம்சம்மா. ஒருத்தர் மனச நோவடிக்காம இருக்கிறது. அது மனசுல பதிஞ்சதுக்கப்புறம்தான் சத்தியம். அதுக்குத்தான் அப்டி வரிசையா வச்சிருக்காங்க. இவரு அகிம்சைய உட்டுட்டு நேரா சத்தியத்துக்கு வந்துட்டாரு. நோட்ஸ ஜெராக்ஸ் எடுத்துக்கிறேன்னாரு."

"எடுக்கலியா?"

"எடுத்திருந்தா இப்டியா பேசுவாரு?"

தேவகி அப்போதே நோட்ஸை வாங்கி, கடை திறக்கும்வரை காத்திருந்து, ஒன்றுக்கு இரண்டாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்றால், இன்னும் ஒரே ஒரு பத்திரிகைதான் பாக்கி இருந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பாக்கி இருந்த பத்திரிகை திண்டிவனத்துக்கு, அவளுடைய ஒரே தம்பி பாண்டுரங்கனுக்கு.

தாய்மாமனுக்குத்தான் சாமிக்கு அடுத்தபடியாக வைக்க வேண்டும். இது தேவகிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அக்காளும் தம்பியும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஆவணி மாதத்தில் பாண்டுரங்கன் புது வீடு கட்டிக் குடி புகுந்தான். கூடப்பிறந்தவளை நேரில் வந்து அழைக்காமல் அழைப்பிதழைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். தேவகிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க மாமாவுக்கு டெங்கு, எழுந்திரிக்கவே முடியல, எங்களால வர முடியாது" என்று பதில் அனுப்பினாள். பொய் அதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. அவன் குடி புகுந்த அன்றைக்குத்தான் விழுப்புரத்தில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலம். டெங்கு வந்து படுத்திருக்க வேண்டிய சுப்புராயன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தை யாரோ வீடியோ எடுத்தார்கள். சாயங்காலம் கிரகப்பிரவேச வீட்டில் பாயசம் பரிமாறும் நேரத்தில் அந்த வீடியோ திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது கலைப்பிரியா ஒரே பிடியாக நின்றாள். "பாண்டு மாமா கையப் புடிச்சிகினுதான் மணவறைக்கு வருவேன். அவரு வரலன்னா நீங்களே உக்காந்து தாலி கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். தேவகிக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான்.

மறுநாள் காலை விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினார்கள். "பைபாஸ்ல போறது, எங்கயும் நிக்காது, ஏறு ஏறு" என்று கண்டக்டர் கூவினார். விக்கிரவாண்டியில் நின்றது. அதற்கடுத்துப் பெயர் தெரியாத இரண்டு இடங்களில் நின்றது. சுப்புராயன் கண்டக்டரை மிகுந்த பரிதாபத்தோடு பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரின் மடியில் தேவகி ஜெராக்ஸை வைத்தாள்.

"படிங்க. திண்டிவனம் போறதுக்குள்ள மனப்பாடம் ஆவணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கூட்டேரிப்பட்டு வரும்போது நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தேவகி, 'பிறர் மனம் நோகும் உண்மையைச் சொல்வதைவிட மௌனமாக இருப்பது நல்லது'ன்னு போட்டிருக்குது."

"ஆமா."

"அப்போ வெள்ளையம்மா அத்தைகிட்ட நான் பண்ணது?"

"அது கொலை" என்றாள் தேவகி. "இன்னிக்கி எங்க தம்பி வூட்ல இன்னா பண்ணப்போறீங்க?"

"வாயே தொறக்க மாட்டேன்."

ஐந்து வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பாண்டுரங்கனுக்குக் கீழே செக்கு எண்ணெய்க் கடை, மேலே வீடு. தேவகி ஒருதரம்கூட மிதிக்காத அந்தப் புது வீட்டுக்கு அதற்குள் பெயிண்ட் மங்கி, வாசல் கிரில்லில் துருவும் பிடித்திருந்தது. படியேறும்போதே மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய் வாசனை. தம்பி பெண்டாட்டி பவானி ஓடிவந்து, "வாங்க அண்ணி, வாங்க அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாண்டுரங்கன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயது, மூக்குக்குக் கீழே நரைத்த மீசை. ஆனால் பத்து வயதில் அக்கா பம்பரத்தைப் பிடுங்கிக்கொண்டபோது உட்கார்ந்திருந்த மாதிரியேதான் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா" என்றான். அவ்வளவுதான். அக்காவுக்கு ஒரு 'வா' கூட இல்லை.

தேவகி தட்டை எடுத்து வைத்தாள். கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேலே வைத்தாள். வாய் துணைக்கு வந்தது. முப்பது வருடப் பழக்கம், தானாகவே ஓடியது.

"தம்பி, மொதப் பத்திரிகை உனக்கு..."

பாதியில் நின்றுவிட்டாள். பக்கத்தில் சுப்புராயன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தும்மல் வந்தும் வராத முகத்தோடு நின்றார்.

பாண்டுரங்கன் பேப்பரை மடித்தான். "மாமா, நீங்கதான் இப்பல்லாம் பொய்யே பேசறதில்லியாமே. நீங்க சொல்லுங்க. நான் எத்தினியாவது?"

சுப்புராயன் தேவகியைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த ஜெராக்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாய் மட்டும் திறக்கவில்லை.

"இன்னா மாமா? வெள்ளையம்மா சித்திக்கு பதினேழுன்னு சொன்னீங்க. சீனுவாசனுக்குப் பதினாறு. பால்காரனுக்குக் கூட முப்பத்தெட்டுன்னு கரெக்டா சொல்லியிருக்கீங்க. ஊருக்கெல்லாம் உண்ம, எனக்கு மட்டும் ஊமையா? ஒரு உண்மையச் சொல்றதுக்குக் கூடவா நான் உங்களுக்கு சொந்தக்காரன் இல்லாமப் போயிட்டேன்?"

அவன் குரல் கடைசியில் உடைந்தது. மௌனமும் ஒரு மனுஷனை நோகடிக்கும் என்று அந்த ஜெராக்ஸில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. சுப்புராயனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"நூத்திப் பன்னெண்டு" என்றார். ஒரு நிமிஷம் பொறுத்து, யாரும் கேட்காமலே, "இதான் கடைசி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டுரங்கன் எழுந்து வந்து தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாலு மூலையும் சுருண்டிருந்தது. தடவியிருந்த மஞ்சள் வெளிறிப்போயிருந்தது. ஒரு பக்கம் வெற்றிலைக் கறை, இன்னொரு பக்கம் யார் வீட்டுச் சாம்பாரோ.

"கடைசின்னு சொன்னது நெஜந்தான். எல்லாருக்கும் குடுத்தது போக மிஞ்சினத எடுத்தாந்திருக்கிற."

"பிரஸ்காரன் குடுத்ததே அப்டித்தான்" என்ற பதில் தேவகிக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பொய். யாரும் குறை சொல்ல முடியாத பொய். ஆனால் தம்பி அந்தக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"பயந்துகினுதாண்டா மொதல்லயே பத்திரிகை வைக்க வரல" என்றாள். "நீ வரமாட்டேன்னு மொத நாளே சொல்லிட்டா, மத்த வூட்டு வாசல்ல எந்த மூஞ்சிய வச்சிகினு போயி நிப்பேன்? ஒரு வூட்டுக்கும் காலு போயிருக்காது. அதான் உன்னக் கடைசியா வச்சேன். டெங்குன்னு சொன்னதும் நாந்தான். அவருக்கு ஒரு எழவும் இல்ல, நல்லாத்தான் இருந்தாரு. என்ன வாட்ஸப்ல கூப்ட்டியேன்னு கோவம். வேணும்னேதான் வரல. அன்னிக்கி முழுக்க அழுதுகினு இருந்தேன், அதுவும் நெஜம்."

அவ்வளவு நீளமாக அவள் உண்மை பேசி அவளே கேட்டதில்லை. மூச்சு வாங்கியது.

பாண்டுரங்கன் அவளையே பார்த்தான். நம்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருதரம் டெங்குவில் சூடு பட்டவன். "இதுவும் அந்த டெங்கு மாதிரிதானாக்கா?" என்றான்.

தேவகிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமாகச் சொன்ன பொய்களெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றன.

அப்போது சுப்புராயன் நோட்டைப் பிரித்தார்.

"பாண்டு, அது மிஞ்சினது இல்ல. அதுதான் மொதப் பத்திரிகை."

"இப்பத்தான் நூத்திப் பன்னெண்டுன்னீங்க?"

"குடுத்ததுல நூத்திப் பன்னெண்டு. எழுதினதுல ஒண்ணு. இங்க பாரு, ரெண்டு வரிசை போட்டிருக்கேன். பிரஸ்லேந்து கட்டு வந்த அன்னிக்கே பிரிச்சி, மேல இருந்தத எடுத்து, மஞ்சத் தடவி உன் பேர எழுதினா. அப்புறந்தான் கொலசாமிக்கே எழுதினா. நான்கூட சாமிக்கு எழுதிட்டு எழுதக் கூடாதான்னு கேட்டேன், பேனாவால தலையில குத்தினா. அன்னிலேந்து அந்தக் கைப்பையிலதான் இருக்குது. நூத்திப் பதினோரு வூட்டுக்கும் கூடவே வந்துச்சி. சாம்பாரு கொட்டினது நாலாவது சாப்பாட்டுல. மயிலத்துலேந்து திரும்பும்போது கூட்டேரிப்பட்டுல நின்னுகினு இருந்தோம், திண்டிவனம் பஸ்ஸு மூணு வந்துச்சி, மூணையும் உட்டுட்டா. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கண்ணத் தொடச்சிகினா. அப்புறம் விழுப்புரம் பஸ்ல ஏறிட்டா."

தேவகி திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அவர் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தில் மூழ்கியிருந்தார் என்றுதான் அவள் இதுநாள்வரை நினைத்திருந்தாள். மூணு பஸ்ஸையும் எண்ணியிருக்கிறாரே இந்த மனுஷன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் பாண்டுரங்கன் நம்பியிருக்க மாட்டான். அக்காவைக் காப்பாற்ற ஜோடித்த கதை என்று தள்ளியிருப்பான். ஆனால் சொன்னவர், மாப்பிள்ளைக்குக் காது பெரிசு என்று பெற்ற மகளிடமே சொன்னவர். ஐந்து வாரமாகச் சொந்தபந்தம் அத்தனையையும் பகைத்துக்கொண்டு சேர்த்து வைத்த நம்பிக்கையை, அந்த மனுஷன் அங்கே ஒரே மூச்சில் செலவழித்தார். இந்த உலகத்தில் அப்போது சந்தேகப்படவே முடியாத ஆள் அவர் ஒருவர்தான்.

பாண்டுரங்கன் பத்திரிகையை மெதுவாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மீசையைத் தடவினான். விட்டுக்கொடுத்துவிட்டதாகத் தெரிந்துவிடக் கூடாதே.

"இருந்தாலும் அன்னிக்கி எனக்கு வர முடியுமான்னு தெரில. கடையில வேல இருக்குது."

"இன்னா வேல?" என்றாள் பவானி. நாலு வருடமாக இந்த வீம்போடு குடித்தனம் நடத்தியவளின் பொறுமை அங்கேதான் தீர்ந்தது. "பட்டு வேட்டி இஸ்திரிக்குப் போயி வந்தாச்சி. பிரியாவுக்குச் சீர்ப் புடவை எடுத்துப் பதினஞ்சி நாளு ஆவுது, பீரோவுல இருக்குது. அந்த குரூப்ல போட்டது யாரு, நானா?"

"எந்த குரூப்?" என்றாள் தேவகி.

பாண்டுரங்கன் தடுப்பதற்குள் பவானி போனை நீட்டிவிட்டாள். தேவகிக்கும் சுப்புராயனுக்கும் தெரியாமல் சொந்தக்காரர்கள் தனியாக ஒரு வாட்ஸப் குரூப் நடத்திக்கொண்டிருந்தார்கள். பெயர், 'பத்திரிகை நம்பர்'. யாருக்கு எத்தனையாவது என்று பட்டியலும், அதன்மேல் சண்டையும். மூன்று வாரத்துக்கு முன் வெள்ளையம்மாள் சித்தி கேட்டிருந்தாள்: "பாண்டு, உனக்கு எத்தினி? இன்னும் வைக்கலியாமே?" அதற்குக் கீழே பாண்டுரங்கன் பதில்: "எனக்குத்தான் ஒண்ணாம் நம்பர். அக்கா மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வந்துச்சி."

தேவகி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏண்டா இப்டி சொன்ன?"

"பின்ன? கூடப்பொறந்தவனுக்கே பத்திரிகை வைக்கலன்னு தெரிஞ்சா உன்னத்தான கண்டபடி பேசுவானுங்க." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் பேசலாம். அவனுங்க பேசக் கூடாது."

பாண்டுரங்கனுக்குத் திடீரென்று கவலை வந்தது. "மாமா, நீங்க விழுப்புரம் போயி நூத்திப் பன்னெண்டுன்னு சொல்லிடுவீங்களே. என் மானம் போயிடுமே."

சுப்புராயன் யோசித்தார். சட்டைப்பை ஜெராக்ஸும் கையிலிருந்த நோட்டும் சேர்ந்து ஏதோ ஒரு முடிவுக்கு வந்ததுபோல அவர் முகம் தெளிந்தது.

"எழுதினதுல எத்தினின்னு கேட்டா ஒண்ணும்பேன். குடுத்ததுல எத்தினின்னு கேட்டா, வாயத் தொறக்க மாட்டேன். அதுக்கு ஜெராக்ஸ்ல வழி இருக்குது."

பவானி சிரித்துவிட்டாள். பாண்டுரங்கனுக்கும் மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவன் அவசரமாக எழுந்து, இத்தனை நேரம் சொல்லாமல் விட்டதைச் சொன்னான்.

"வாக்கா, உக்காரு. ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

"நான் நாலு இட்லி. அவளுதயும் நாந்தான் சாப்ட்டேன்" என்றார் சுப்புராயன்.

தேவகியின் வாய் பழக்கதோஷத்தில் "இப்பத்தான்" என்று குவிந்தது. நூற்றுப் பதினோரு வீட்டில் சொன்ன வார்த்தை. அதை அப்படியே முழுங்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"இல்லடா" என்றாள். "ரொம்பப் பசிக்குது."